காஷ்மீர் ஏரிப் பாதை: முதலில் கணவாய்களைக் கணக்கிடுங்கள்

சோனமார்க்கில் தொடங்கி நாராநாக்கில் முடியும் இந்த நடை சுமார் 70 கிலோமீட்டர். விஷன்சர், கிருஷன்சர், கட்சர், சத்சர், கங்காபல், நுந்த்கோல் என்று ஏரிகள் அடுத்தடுத்து வரும். இரண்டு ஊர்களுக்கும் ஸ்ரீநகரிலிருந்து கங்கன் வழியாகத்தான் சாலை என்பதால், ஸ்ரீநகரில் கிளம்பி ஒரு சுற்று சுற்றி அங்கேயே வந்து சேரலாம். படங்களில் ஏரிகள்தான் கண்ணைப் பறிக்கும். உங்கள் நாட்களை முடிவுசெய்வதோ நிச்னாய், கட்சர், ஜாஜ் என்ற மூன்று கணவாய்கள். மூன்றுமே ஏறக்குறைய 4,000 மீட்டர். கட்சர் கணவாய் அதையும் தாண்டும்.

போக ஏற்ற காலம் ஜூலை முதல் செப்டம்பர் பாதி வரை. பீர் பஞ்சால் மலைத்தொடர் பருவமழையைப் பெருமளவு தடுத்துவிடுவதால், இமயத்தின் பல பாதைகள் சேறாகிக் கிடக்கும் மாதங்களில் இங்கே நடக்க முடிகிறது. மழை அறவே இல்லை என்று எண்ணி ரெயின்கோட்டை வீட்டில் வைத்துவிடாதீர்கள். ஜூலைத் தொடக்கத்தில் கணவாய்களில் பனி கிடக்கும். செப்டம்பரில் புல் மஞ்சளாகும், சத்சரின் சில குளங்கள் வற்றியிருக்கும். என்னைக் கேட்டால் ஜூலைக் கடைசி: பனியும் குறைந்திருக்கும், கட்சர் பள்ளத்தாக்கில் பூக்களும் நிறைந்திருக்கும்.

கடல் மட்டத்திலிருந்து வருபவர்கள் சோனமார்க்கில் ஓர் இரவாவது தங்குங்கள். அந்த ஊரே 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இரண்டாம் நாளே பலரும் நிச்னாயைக் கடந்துவிடுகிறார்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே ஏறக் கூடாது. குறையவில்லையென்றால் இறங்கிவிடுவதுதான் மருந்து. உயரத்தால் வரும் உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விஷன்சர் கரையில் இரண்டு இரவு தங்குவது வீண் செலவல்ல. கிருஷன்சரிலிருந்து வழியும் நீர்தான் விஷன்சருக்கு வருகிறது. கிருஷன்சருக்கும் மேலே கட்சர் கணவாய் செங்குத்தாக நிற்கிறது. வானம் மூடியிருந்தால் ஒரு நாள் பொறுத்து ஏறுவதற்கு அந்த இரண்டாம் இரவு உதவும். வானம் தெளிவாக இருந்தால் ஓய்வு. கணவாய்களை மதியத்துக்கு முன்பே தாண்டிவிடுங்கள். இடியும் ஆலங்கட்டியும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும்.

கட்சருக்கு அப்பால் ராணுவச் சோதனைச் சாவடிகள் உண்டு. அசல் அடையாள அட்டையோடு நகல்களும் வேண்டும். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு தொலைவில் இல்லை. அனுமதி நிலவரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே உள்ளூர் வழிகாட்டியிடம் விசாரித்துவிடுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இருந்தாலும் மலையில் சிக்னலை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள்.

வழியில் கடை கிடையாது. கோடையில் ஆடு மேய்க்க ஏறிவரும் பகர்வால் குடும்பங்களின் கூடாரங்கள் தென்படும். அழைத்தால் உப்புத் தேநீரைக் குடித்துப் பாருங்கள், நமக்கு அது உடனே பிடிக்காது. அரிசி, பருப்பு, டென்ட் எல்லாவற்றையும் சுமக்கக் குதிரைக்காரர்கள் கிடைப்பார்கள். முதன்முறை போகிறவர்கள் முதுகில் 15 கிலோ தூக்கிக்கொண்டு வீரம் காட்ட வேண்டாம். கேஸ் சிலிண்டரை விமானத்தில் விட மாட்டார்கள், ஸ்ரீநகரில் வாங்குங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

சத்சரைத் தாண்டினால் பெரும்பாறைகள் மேல் கால் வைத்துப் போகும் பகுதி ஒன்று உண்டு. மழை பெய்திருந்தால் அங்கே அவசரமே கூடாது. ஜாஜ் உச்சியில் நின்றால் ஹர்முக் சிகரத்தின் அடியில் கங்காபலும் நுந்த்கோலும் ஒருசேரத் தெரியும். பாதை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த காட்சி அதுதான்.

கடைசி நாள் இறக்கம் 1,300 மீட்டருக்கும் மேல். முழங்கால் கெஞ்சும், ஊன்றுகோல் இரண்டு இருக்கட்டும். இதே பாதையை நாராநாக்கில் தொடங்கினால் இந்தச் சரிவையே முதல் நாள் ஏற வேண்டிவரும் என்பதால்தான் சோனமார்க்கில் தொடங்கச் சொல்கிறேன். நாராநாக்கில் எட்டாம் நூற்றாண்டுக் கற்கோயில்களின் இடிபாடுகளை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, ஸ்ரீநகருக்கு வண்டி பிடியுங்கள். திரும்பும் விமானத்தை அன்றைக்கே வைக்காமல், மழைக்காக இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.