ரோஷம் வேறு, சுயமரியாதை வேறு!



"டிப்ளமோதானே படிக்கிறே?" இந்தக் கேள்வியைக் காதில் வாங்காத மாணவர் நம்மில் யாராவது உண்டா? கல்யாண வீட்டில் கேட்பார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார். இன்ஜினியரிங் காலேஜில் படிக்கும் சித்தப்பா மகன் வேண்டுமென்றே கேட்பான். அந்தத் 'தானே' இருக்கிறதே, இரண்டே எழுத்துதான். ஆனால் ஊசி மாதிரிக் குத்தும். அன்று ராத்திரி சாப்பாடு இறங்காது.

இது ஒன்றுதானா? ஒர்க்‌ஷாப்பில் ஜாப் அளவு தப்பிவிட்டது என்று எல்லோர் முன்னாலும் திட்டு. வைவாவில் பதில் தெரியாமல் முழித்தால் வெளியே சிரிப்பு. ஹாஸ்டலில் பட்டப்பெயர். வாட்ஸ்அப் குரூப்பில் கேலி. ஒரே ஒரு சொல்லில் ஆரம்பித்த சண்டை, கைகலப்பாகி, சஸ்பென்ஷனில் முடிந்து, பரீட்சையையே கோட்டை விட்டவர்கள் எத்தனை பேர்! டிரெய்னிங் போன இடத்தில் ஃபோர்மேன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார் என்று பாதியிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. நஷ்டம் யாருக்கு? ஃபோர்மேனுடைய தொழில் ஃபோர்மேனிடம் பத்திரமாக இருக்கிறது. நாம் கற்க வேண்டியதுதான் போயிற்று.

ஏன் இப்படி என்று கேட்டால், "எனக்கு ரோஷம் ஜாஸ்தி" என்போம். ரோஷம் ஜாஸ்தி என்றால் சுயமரியாதையும் ஜாஸ்தி என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மை நேர்மாறானது. சுயமரியாதை குறைவாக இருக்கும் இடத்தில்தான் ரோஷம் அதிகமாகக் கொதிக்கிறது. அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

சொல் எங்கே குத்துகிறது?

வகுப்பிலேயே நன்றாக டிராயிங் போடும் மாணவனிடம் போய், "உனக்கு டிராயிங்கே வராதுடா" என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துவிட்டுப் போவான். அதே வார்த்தையை, டிராயிங்கில் இரண்டு முறை அரியர் வைத்தவனிடம் சொல்லிப் பாருங்கள். சட்டையைப் பிடிப்பான். வார்த்தை ஒன்றுதான். இவனுக்கு மட்டும் ஏன் வலிக்கிறது? 'நமக்கு வராதோ' என்ற சந்தேகம் ஏற்கெனவே அவனுக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த சொல் அந்தப் புண்ணின் மேல் பட்டுவிட்டது.

ஆகவே, எது நம்மைச் சுடுகிறது என்று பார்த்தால், நாம் எங்கே நம்மை நம்பவில்லை என்பது தெரிந்துவிடும். லேத்தில் செய்த ஜாப்பை அளக்கும் வெர்னியரை ரோட்டில் போகிறவன் கையில் கொடுப்போமா? மாட்டோம். ஆனால் நம் மதிப்பை அளக்கும் கருவியை மட்டும் போகிறவன் வருகிறவன் கையிலெல்லாம் கொடுத்துவிட்டு, "அளவு தப்பாச் சொல்லிட்டான்" என்று குமுறுகிறோம். அந்தக் கருவியைத் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் சுயமரியாதை.

இது நம் மண்ணின் சொல்

'சுயமரியாதை' என்ற சொல்லைத் தமிழ்நாட்டின் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனவர் தந்தை பெரியார். 1925-ல் 'குடிஅரசு' வார இதழைத் தொடங்கினார். 1929-ல் செங்கல்பட்டில் முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பிறப்பினால் மேல், கீழ் என்பதை ஏற்க முடியாது என்ற கோபம் அது.

அப்படிக் கோபப்பட்டவர் தன்மேல் செருப்பு வீசப்பட்டபோது என்ன செய்தார்? 1944-ல் கடலூரில் அவர் ரிக்‌ஷாவில் போகும்போது ஒரு செருப்பு வந்து விழுந்தது. கொஞ்ச தூரம் போனவர் வண்டியைத் திருப்பச் சொல்லி, மற்றொரு செருப்பையும் எடுத்துக்கொண்டார் என்று இன்றும் சொல்வார்கள். ஒற்றைச் செருப்பு யாருக்கும் உதவாது அல்லவா! ஊருக்கு நடந்த அநீதிக்காக வாழ்நாள் முழுதும் போராடியவர், தனக்கு நடந்த அவமதிப்பை இப்படித் தாண்டிப் போனார்.

வள்ளுவரும் 'மானம்' என்று ஓர் அதிகாரம் வைத்தார். 'பொறையுடைமை' என்றும் ஓர் அதிகாரம் வைத்தார். மானமுள்ளவனுக்குப் பொறுமை கூடாது என்றோ, பொறுமையுள்ளவனுக்கு மானமில்லை என்றோ அவர் நினைக்கவில்லை.

புத்தகம் பைண்டு செய்த பையன்

நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கும் ஒருவரைப் பார்ப்போம். மைக்கேல் ஃபாரடே. 1791-ல் பிறந்தவர். அப்பா கொல்லர். பெரிய படிப்பு இல்லை. லண்டனில் ஒரு புத்தகக் கடையில் பைண்டிங் தொழில் பழக ஏழு வருடம் அப்ரண்டிஸ். பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானம் கற்றார். 1812-ல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அழகாக பைண்டு செய்து அவருக்கே அனுப்பிவைத்தார். 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் டேவிக்கு உதவியாளர் வேலை கிடைத்தது.

அதே வருடம் டேவி தம்பதியர் ஐரோப்பியப் பயணம் கிளம்பினார்கள். கடைசி நேரத்தில் டேவியின் வேலைக்காரர் வர மறுத்துவிட்டார். அந்த வேலையும் ஃபாரடே தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். மனம் நொந்து, திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நண்பருக்குக் கடிதம் எழுதினார் ஃபாரடே. ஆனால் போகவில்லை. பாரிஸில் ஆம்பியரையும் மிலானில் வோல்டாவையும் நேரில் பார்த்தார். பிரெஞ்சும் இத்தாலியும் கற்றார். கோபித்துக்கொண்டு பாதியில் வண்டி ஏறியிருந்தால்?

அத்தோடு விடவில்லை. 1821-ல் மின்சாரத்தால் கம்பியைத் தொடர்ந்து சுழலவைத்துக் காட்டினார். இன்றைய மோட்டாருக்கு அதுதான் முன்னோடி. உடனே, "வொல்லஸ்டன் யோசனையைத் திருடிவிட்டான்" என்று பேச்சுக் கிளம்பியது. நேர்மையாக உழைத்தவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா? அவர் கூட்டம் சேர்க்கவில்லை, கத்தவில்லை. வொல்லஸ்டனுக்கே கடிதம் எழுதி, நேரில் பேச அனுமதி கேட்டார். 1824-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அதை எதிர்த்தவர் யார் தெரியுமா? அப்போது தலைவராயிருந்த டேவிதான்! 1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். ஜெனரேட்டரும் டிரான்ஸ்பார்மரும் நமக்கு வந்த வழி அது. பின்னாளில் அதே சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். அவமானமும் அவரைக் கவிழ்க்கவில்லை, பதவியும் தூக்கவில்லை. அளவுகோல் அவர் கையிலேயே இருந்தது.

ஓவர்லோட் ரிலே சொல்லும் பாடம்

"அப்போ யார் என்ன சொன்னாலும் பொறுத்துப் போகணுமா?" என்று கேட்பீர்கள். இல்லை. இதற்கு மெஷின்ஸ் லேபிலேயே பதில் இருக்கிறது.

இண்டக்‌ஷன் மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்தால், முதல் சில விநாடிகள் முழுலோட் கரண்டைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கரண்ட் இழுக்கும். அதற்கே ரிலே டிரிப் ஆனால் மோட்டார் என்றைக்கும் ஓடாது. ஆகவே ஓவர்லோட் ரிலேயில் இருக்கும் பைமெட்டல் பட்டை கொஞ்சம் பொறுக்கிறது. ஓவர்லோட் நீடித்தால் மட்டும் சூடாகி வளைந்து டிரிப் செய்கிறது. ஷார்ட் சர்க்யூட் ஆகிவிட்டாலோ, பொறுமை கிடையாது. ஃபியூஸ் உடனே போக வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றி வைக்கிறவன் மோட்டாரையே எரித்துவிடுவான்.

மனிதனுக்கும் அதேதான். ஒரு நாள் கேலி, ஒரு நாள் திட்டு இதெல்லாம் ஸ்டார்ட்டிங் கரண்ட். ஓடவிடுங்கள். தினமும் ஒருவரையே குறிவைத்து மட்டம் தட்டினால் அது ஓவர்லோட். நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். சாதியைச் சொல்லி இழிவு செய்தாலும், ராகிங் செய்தாலும், கை ஓங்கினாலும் அது ஷார்ட் சர்க்யூட். ராகிங்குக்குத் தமிழ்நாட்டில் 1997-ல் வந்த தடைச் சட்டம் இருக்கிறது. தலித், பழங்குடி மக்கள்மீதான கொடுமைகளுக்கு 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே பொறுத்துப் போவது பெருந்தன்மை ஆகாது. புகார் எழுதுவதுதான் சுயமரியாதை. அப்படி ஒரு நண்பன் எழுதும்போது அவன் பக்கத்தில் நிற்பது நம் சுயமரியாதை.

என்ன செய்யலாம்?

1. ஒரு ராத்திரி பொறுங்கள். சுடச்சுடச் சொன்ன பதில் பெரும்பாலும் மறுநாள் நமக்கே பிடிக்காது.

2. சொன்ன விதத்தையும் சொன்ன விஷயத்தையும் பிரித்துப் பாருங்கள். இன்ஸ்ட்ரக்டர் திட்டிய விதம் தப்பாக இருக்கலாம். ஜாப் அளவு தப்பியது நிஜம்தானே? விஷயத்தை எடுத்துக்கொண்டு, விதத்தை விட்டுவிடுங்கள்.

3. ஒரு வேலையாவது முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள். படம் பார்க்காமல் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் ஒயரிங் கொடுக்கத் தெரிந்தவனை, லேத்தில் பிசிறில்லாமல் த்ரெட் வெட்டத் தெரிந்தவனைக் கேலி என்ன செய்யும்? "டிப்ளமோதானே?" என்று யாராவது கேட்டால், "ஆமாங்க, டிப்ளமோதான். உங்க வீட்டு மோட்டார் ஏதாவது மக்கர் பண்ணுதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கலாம்.

4. தனியாக இருக்கும்போதும் நேர்மையாக இருங்கள். அடுத்தவன் ரெக்கார்டைப் பார்த்து எழுதி, ரீடிங்கை இட்டுக்கட்டி வாங்கிய மார்க் ஊருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். நம்மை நாமே மதிக்க முடியாதபோது ஊர் மதிப்புக்கு ஏங்குவோம்.

5. மனத்தாங்கல் இருந்தால் சம்பந்தப்பட்டவரிடமே தனியாகப் பேசுங்கள். "நீங்க அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு சார்" என்று அமைதியாகச் சொன்னால் பாதிப் பேர் இறங்கிவருவார்கள்.

6. யாரையும் மட்டம் தட்டாதீர்கள். ஜூனியரையும், மெஸ்ஸில் பரிமாறும் அண்ணனையும், ஒர்க்‌ஷாப் கூட்டும் அக்காவையும் மரியாதையாகக் கூப்பிடுகிறவனுக்கு, மரியாதை பறிபோய்விடுமோ என்ற பயம் தானாகக் குறையும்.

நண்பர்களே! இன்னும் கொஞ்ச நாளில் நாம் மூலைக்கு ஒருவராகப் பிரிந்து வேலைக்குப் போகப்போகிறோம். அங்கே ஷிப்டு இருக்கும், சூப்பர்வைசர் இருப்பார், வார்த்தைகளும் வரும். ஒவ்வொரு வார்த்தைக்கும் வேலையை விட்டால் எந்த வேலையும் மிஞ்சாது. எல்லா வார்த்தைக்கும் தலையைக் குனிந்தால் நாமே மிஞ்ச மாட்டோம். எதை விட வேண்டும், எதை விடக் கூடாது என்று நிதானமாகத் தீர்மானிக்கும் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பைச் சர்டிபிகேட்டோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போவோம்!

- மூன்றாமாண்டு மின்னியல் துறை மாணவர்