கோழி விடுமுன் வேலியோரம் ஒரு சுற்று போய் வா

கண்ணு, சிறுவிடைக் கோழி நாலைந்து வாங்கி விடப் போகிறாயாமே. நல்லது. உன் வாசலில் அரளி நிற்கிறது, கொல்லை வேலியில் ஆமணக்கு நிற்கிறது என்று யாராவது பயமுறுத்தினால், உடனே அரிவாளைத் தூக்காதே. செடி நின்றபடி இருந்தால் பெரும்பாலும் வினையில்லை. அதை வெட்டி எங்கே போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது எல்லாம்.

காலையில் திறந்துவிட்டால் பொழுது சாயப் பஞ்சாரத்துக்கு வரும் கோழி, அரளி நிழலிலேயே நாளெல்லாம் மண்ணைக் கிளறும், இலையைத் தொடாது. மேய வேறு பச்சை இருக்கும்வரை கசப்பை ஒதுக்கிவிடும். வலைக்குள் அடைபட்டுப் பச்சையே பார்க்காத கோழி அப்படியில்லை. சந்தையிலிருந்து பசியோடு வந்ததும், விவரம் தெரியாத குஞ்சும் அப்படித்தான். கவாத்து பண்ணிய கிளையை உள்ளே எறிந்தால் கிடைத்த வரைக்கும் லாபம் என்று கொத்தும். செடி வெட்டிய குப்பை, பேர் தெரிந்த செடியோ தெரியாத செடியோ, கோழி அடைப்புக்குள் போகவே கூடாது.

அரளியில் இலை, பூ, தண்டு எல்லாவற்றிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. காய்ந்து சருகானாலும் அது போகாது. சாமி படத்துக்குப் போட்ட அரளி மாலையை மறுநாள் கழற்றிக் கொல்லையில் வீசுகிறோம் பார், அந்தப் பழக்கத்தை நிறுத்து. அந்தப் பூ மிதந்த தண்ணீரையும் கோழி குடிக்கிற இடத்தில் கொட்டாதே. மஞ்சள் பூ பூக்கும் தங்க அரளியில் கொட்டைதான் படுமோசம். உதிர்ந்ததைப் பெருக்கி எடுத்துவிடு.

இலையைவிட விதைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். கோழிக்குப் பல் கிடையாது. விழுங்கின மணியை வயிற்றில் இருக்கும் அரைவைப்பை சின்னக் கற்களோடு சேர்த்து அரைத்துவிடும். குன்றிமணியைக் குழந்தை தெரியாமல் முழுசாக விழுங்கினால், கெட்டித் தோல் உடையாமல் வெளியே வந்துவிடவும் வாய்ப்பு உண்டு (அதற்காக ஆஸ்பத்திரி போகாமல் இருந்துவிடாதே). கோழி வயிற்றில் அந்தத் தோல் தாங்குமா? சிவப்பாய் மினுங்குவதால் கண்ணிலும் சீக்கிரம் படும். வேலியில் குன்றிமணிக் கொடி ஏறியிருந்தால் நெற்று வெடிக்குமுன் வேரோடு பிடுங்கு. ஊமத்தையும் அப்படித்தான், முள்ளுக்காய் வெடித்துச் சிதறுமுன் எடுத்துவிட வேண்டும்.

ஆமணக்கில் பலரும் கவனிக்காத விஷயம் புண்ணாக்கு. கொட்டையில் இருக்கும் ரிசின் என்ற நஞ்சு எண்ணெயில் வராது, பிழிந்த சக்கையில் தங்கும். ரோஜாவுக்கு நல்லது என்று ஆமணக்குப் புண்ணாக்கு வைப்பாய், கோழி வந்து கிளறும். கோழி புழங்கும் தோட்டத்துக்குத் தொழுவுரமே போதும்.

செங்காந்தள் நம் மாநில மலர், வேலியில் படர்ந்தால் கண்ணுக்கு அழகு. மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு உண்டு. அந்த விதை காய்கிற களத்துப் பக்கம் கோழியை விடாதே.

இனி, நாமாகவே ஆசையாய்ப் போடுகிறவை. குச்சிக்கிழங்குத் தோலும் இலையும் பச்சையாய் இருந்தால் சயனைடு தரும், போடாதே. அகத்தியை ஆடு விரும்பித் தின்னும், அதைப் பார்த்துக் கோழித் தீவனத்தில் அரைத்துக் கலக்காதே, குஞ்சுகளுக்கு ஆகாது. சவுண்டல் தழையும் அளவு மீறினால் வளர்ச்சியும் முட்டையும் குறையும். பழுத்த தக்காளி தாராளமாகப் போடு. தக்காளிச் செடியும் இலையும், பச்சை ஏறிய உருளைக்கிழங்கும் வேண்டாம். கொடைக்கானலிலிருந்து பட்டர் ஃப்ரூட் வந்தால் நீயே சாப்பிடு. அதன் தோலும் கொட்டையும் பறவைகளின் இதயத்துக்குக் கெடுதல். மாட்டுக்கு வைத்த பருத்திக்கொட்டையைக் கோழி நிறையத் தின்றால், எடுத்து வைத்த முட்டையில் மஞ்சள் கரு பழுப்பும் பச்சையுமாய்த் திரியும். முட்டை கெட்டுப்போனது என்று கடைக்காரியோடு சண்டை வரும்.

மணி பிளான்ட், சேம்பு வகைகளைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். ஒரு கொத்து கொத்தினால் வாய் அரிக்கும், விட்டுவிடும்.

செடியை இவ்வளவு சொல்கிறேனே தவிர, கொல்லைக் கோழி திடீரென்று செத்தால் நான் முதலில் சந்தேகப்படுவது பூச்சிமருந்தைத்தான். குருணை மருந்து பார்க்கச் சின்னக் கல் மாதிரியே இருக்கும், கோழி பொறுக்கிவிடும். விதைநேர்த்தி செய்து மிஞ்சிய விதையும் அதே கதை. மருந்தடித்த பாத்தியில் விடாதே. நர்சரியில் வாங்கின தொட்டியையும் கொஞ்ச நாள் எட்டாத இடத்தில் வை.

கோழி ஒடுங்கி நின்றாலோ, தள்ளாடினாலோ, கொண்டை நீலம் பாய்ந்தாலோ, உடனே தனியாகப் பிரித்து நிழலில் விட்டுச் சுத்தமான தண்ணீர் வை. எண்ணெய், மோர் என்று வாயில் ஊற்றினால் புரையேறியே செத்துப்போகும். கழுத்துத் திருகி, பச்சையும் வெள்ளையுமாய்க் கழிந்து, ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தால் அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம், செடியைக் குறை சொல்லிக்கொண்டு நேரம் கடத்தாதே. 1962க்குப் போன் போட்டால் கால்நடை மருத்துவ உதவி கிடைக்கும். கொத்தின செடியில் ஒரு கிளையை ஒடித்து வைத்திருந்து டாக்டரிடம் காட்டு. காரணம் தெரியாமல் செத்த கோழியைக் குழம்பு வைக்காதே, யார் சொன்னாலும்.

தைரியமாய் நட முருங்கை, தண்டுக்கீரை, செம்பருத்தி, கறிவேப்பிலை இருக்கின்றன. தொட்டியில் அசோலா விட்டால் அடைத்து வைத்த கோழிக்கும் பச்சை கிடைக்கும். கீரைப் பாத்தியில் மட்டும் முளைவிடும் வரை மேலே வலையோ முள்ளோ போட்டு வை. இல்லாவிட்டால் விதைத்த அன்றே மொத்தத்தையும் கிளறித் தின்றுவிடும்.