காற்றை எதிர்த்து இறங்குதல்

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அஞ்சற்பைகளுடன் சிறு விமானம் ஒன்றை ஓட்டிவந்து பம்பாயில் இறங்கினார். நெவில் வின்சென்ட் என்பார் அவ்வஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னை சேர்த்தார். வழிகாட்டும் வானொலி அவர்களிடம் இல்லை. எனினும், பறப்பதைக் காட்டிலும் பழுதின்றி நிலம் சேர்தலே அன்றும் இன்றும் விமானிக்குப் பெருஞ்சோதனை.

இறங்குமுன் விமானி காற்றின் திசையை அறிகிறார். கோடையில் நண்பகலுக்குப் பின் மாமல்லபுரக் கரையில் எழும் கடற்காற்று உள்நாட்டில் மறைமலைநகர்ப் பக்கமும் வீசும். அக்காற்று வலுத்த வேளையில் மீனம்பாக்கத்தில் இறங்குவோர், ஏறத்தாழக் கிழக்கு மேற்காக அமைந்த ஓடுபாதையில் கிழக்கு முகமாகவே இறங்குவர். காரணம் யாது? சிறு விமானம் ஒன்று காற்றில் தாங்கி நிற்க மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்று கொள்வோம். காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்த்து வீசினால், அது தரையைத் தொடும் வேகம் 80 கிலோமீட்டரே. பின்னிருந்து வீசினாலோ 120 ஆகும். பாதை போதாமற் போதலும் கூடும்.

தரை நெருங்கியதும் விமானி பொறியின் விசையைக் குறைத்து, விமானத்தின் மூக்கை மெல்ல உயர்த்துகிறார். அப்போது அவர் பார்வை ஓடுபாதையின் கோடியில் நிற்கும். அருகே நோக்கினால் உயரம் புலப்படாது. வேகம் மிகுந்திருப்பின் விமானம் நிலம் தொடாது மிதந்துகொண்டே போகும். வலிந்து அழுத்தினால் பந்துபோல் துள்ளும். பழகாதவர் அத்துள்ளலை அடக்க முயன்று முன்சக்கரத்தை முறித்துக்கொள்வதுண்டு. தேர்ந்தவரோ விசையை முழுதும் கூட்டி மேலெழுந்து, ஒரு சுற்றுச் சுற்றிவந்து மீண்டும் இறங்குவார். கீழே நின்று காண்போர் சிலர் நகைக்கலாம்; விமானிகள் நகையார்.