சுழலாத இயந்திரம்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக எனக் கேட்ட இதழாசிரியர் குழுவினர், தமிழாசிரியனாகிய யான் பழஞ்செய்யுள் ஒன்றன் நயம் கூறுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். யானோ மோட்டார் வண்டியொன்றைப் பற்றி எழுத முற்பட்டுள்ளேன். பொறியியல் வல்லுநராய் விளங்கும் பழைய மாணவர் பிழை காணின் பொறுத்தருள்க.

எங்கள் சரவணையில் வாடகைக் கார் ஓட்டி வாழும் அன்பர் ஒருவர், தம் பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் வண்டியின் பெற்றோல் இயந்திரம் தேய்ந்துபோக, அதனைக் கழற்றி யப்பானிய டீசல் இயந்திரமொன்றைப் பொருத்துவித்தார். இத்தகைய துணிவு யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. 1990ஆம் ஆண்டின்பின் பொருளாதாரத் தடை நிலவிய காலத்திற் சில துளி பெற்றோலால் உயிரூட்டி, மண்ணெண்ணெயிற் கார் ஓட்டியவர்களன்றோ நாம்! அன்பர் மனைவியின் காப்புக்களை அடைவு வைத்தே இயந்திரம் வாங்கினார். ஆயின், திறப்பைத் திருப்பியபோது அது அசையவில்லை. பொருத்தியவர் முதலில் வேறு ஸ்ராட்டர் வாங்குவித்தார். அதன்பின்னும் அசையாமை கண்டு, "இயந்திரம் இறுகிவிட்டது, வேறொன்றுதான் வேண்டும்" என்று கைவிரித்தார்.

"மாஸ்ரர், ஸ்ராட் வருகுதில்லை. இனி அடைவு வைக்கவும் வீட்டிலே ஒண்டுமில்லை" என்று அன்பர் என்னிடம் வந்து சொன்னார். அவர் என்னை நாடியது என் பொறியறிவை நம்பியன்று. எங்கள் பாடசாலைப் பௌதிக ஆசிரியரிடமிருந்து உவோற்றுமானியை இரவல் வாங்கித் தருவேன் என்பதற்காகவே. யான் மானியோடு அவ்வாசிரியரையும் அழைத்துச் சென்றேன்.

மாணவர்காள், 'ஸ்ராட் வருகுதில்லை' என்னும் தொடரிலே மூன்று நோய்கள் மறைந்து கிடக்கின்றன. இயந்திரம் நன்கு சுழன்றும் பற்றாதிருத்தல் ஒன்று. அது எரிபொருளையோ, காற்றையோ, டீசல் இயந்திரமாயின் முன்சூட்டுச் செருகிகளையோ பற்றிய குறை. ஸ்ராட்டர் மட்டும் இரைந்து சுழல, இயந்திரம் சுழலாதிருத்தல் மற்றொன்று. ஸ்ராட்டரின் சிறு பற்சில்லு பறப்புச் சில்லின் பல்வளையத்தோடு கௌவவில்லை என்பது அதன் பொருள். வேறு வண்டியின் பறப்புச் சில்லைக் கலந்து பூட்டியவிடத்து இது நேரும். இரண்டுமே சுழலாதிருத்தல் மூன்றாவது. சொல்லை இவ்வாறு பிரித்துப் பொருள் கொள்ளாதவர் மூன்று நோய்க்கும் ஒரே மருந்தைத் தேடி அலைவர். அன்பரின் வண்டிக்கு நேர்ந்தது மூன்றாவது. திறப்பைத் திருப்பினால் 'டக் டக்' என்னும் ஓசை மட்டும் எழுந்தது.

இயந்திரம் இறுகியதா என்பதை ஊகத்தால் முடிவு செய்தல் தகாது. கியரை நடுநிலையில் வைத்து, பற்றறியின் இணைப்பை நீக்கி, சுழற்றித் தண்டின் முன்முனையிலுள்ள பெரிய ஆணியை நீண்ட சாவியாற் சுழலுந் திசையில் மெல்லத் திருப்பினோம். அமுக்கத்தின் எதிர்ப்பு இருந்ததேயொழிய, தண்டு இரு முழுச் சுற்றும் சுழன்றது. உருளைக்குள் நீர் புகுந்திருப்பின் ஓரிடத்தில் முற்றாக நின்றிருக்கும்; நீர் அமுக்கத்திற்கு இடங்கொடாது. ஆகவே இயந்திரம் குற்றமற்றது.

இனி மின்சுற்றைப் பார்ப்போம். பற்றறியின் நேர்முனையிலிருந்து புறப்படும் ஓட்டம் ஸ்ராட்டரை அடைந்து, இயந்திர உடலின் வழியே மறைமுனைக்குத் திரும்புதல் வேண்டும். இத்திரும்பும் வழியையே 'எர்த்' என்கின்றனர். நம் நூல்கள் புவித்தொடுப்பு என்கின்றன. அச்சொல் மோட்டார் வண்டியைப் பொறுத்தவரை சற்றே மயக்கந் தருவது. இறப்பர்ச் சில்லுகளின்மேல் நிற்கும் வண்டிக்கும் பூமிக்கும் இங்கு யாதொரு தொடுப்பும் இல்லை. இயந்திரமும் இறப்பர்த் தாங்கிகளின்மீதே அமர்ந்திருக்கின்றது. எனவே அதனையும் வண்டியின் உடலையும் இணைக்கத் தடித்த உலோகப் பட்டையொன்று இன்றியமையாதது. இயந்திரம் மாற்றுவோர் மறப்பதும் பெரும்பாலும் இதனையே. விளக்குகள் உடலோடு நேரே தொடுக்கப்பட்டவை ஆதலின், பட்டை இல்லாவிடினும் ஒளியோடு எரிந்து, பார்ப்போரை ஏமாற்றும்.

மானியை வைத்தோம். ஓய்வில் பற்றறி 12.6 உவோற்றுக் காட்டியது. திறப்பைத் திருப்பியபோதும் அது 12.2க்குக் கீழே இறங்கவில்லை. ஸ்ராட்டர் உண்மையில் உழைத்திருப்பின் பத்தினருகே இறங்கியிருக்க வேண்டும். பெருமோட்டம் பாயவேயில்லை என்பது தெளிவாயிற்று. பின் மானியின் ஒரு நுனியைப் பற்றறியின் மறைமுனையிலும், மறு நுனியை இயந்திரத்தின் துருவற்ற உலோகத்திலும் வைத்துத் திறப்பைத் திருப்பினோம். அரை உவோற்றுக்கு மேற்படலாகாத இடத்தில் முள் துடித்துப் பத்தையுந் தாண்டிற்று. அவ்வேளை அன்பர், "வேகமிதிக் கம்பி புகையுது!" என்று கூவினார். திரும்ப வழியில்லாத ஓட்டம், இயந்திரத்தையும் உடலையும் தொட்டு நின்ற அம்மெல்லிய கம்பியின் வழியே திரும்ப முயன்றதே காரணம். முதல் நாளும் கருகல் மணம் வந்ததாம். எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை.

துணைமின் வடமொன்றை மறைமுனையில் மாட்டி, மறுமுனையைப் பற்றறிக்கு எட்டவாய் இயந்திரத்திற் பிடித்தோம். பொறி பறக்கும் இணைப்பைப் பற்றறியருகே செய்யலாகாது. ஆண்டு ஐதரசன் வாயு இருக்கக்கூடும். திறப்பைத் திருப்பியதும் இயந்திரம் சுழன்று, வெண்புகை கக்கிப் பற்றிக்கொண்டது. அன்பர் ஒன்றும் பேசவில்லை. சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறிதொன்றையும் அன்றே பார்த்தோம். 1960களின் நடுப்பகுதிவரை வந்த பிரித்தானியக் கார்களிற் பெரும்பாலானவை நேர்முனையை உடலோடு தொடுத்தவை. யப்பானிய இயந்திரத்தின் ஆடலோட்டப் பிறப்பாக்கியோ மறைமுனைத் தொடுப்பை வேண்டுவது. பழைய முறைப்படியே பற்றறியை மாட்டினால் அதன் இருவாயிகள் எரிந்துபோம். ஸ்ராட்டர் சரியாகச் சுழல்கிறதே என்று ஆறுதலடைதலும் ஆகாது. புலச்சுருள் கொண்ட ஸ்ராட்டரில் முனைகளை மாற்றினால் புலமும் சுழலியும் ஒருங்கே திசை மாறுதலால், அது முன்போலவே சுழலும். நிலைக்காந்தம் கொண்டது மட்டுமே எதிர்த்திசையிற் சுழன்று காட்டிக்கொடுக்கும். அன்பரின் வண்டியில் மறைமுனையே உடலோடு தொடுக்கப்பட்டிருந்தது. பொருத்தியவரை அந்த அளவிற்குப் பாராட்டலாம்.

பட்டை பூட்டும் இடத்திலிருந்த பழைய வர்ணத்தை உலோகம் ஒளிரும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே கிறீஸ் பூசினோம். கருகிய கம்பியையும் மாற்றவேண்டியதாயிற்று. இரண்டாவதாக வாங்கிய ஸ்ராட்டரைக் கடைக்காரர் திரும்ப ஏற்கவில்லை. அது இன்றும் அன்பரின் வீட்டுத் திண்ணையிற் கிடக்கின்றது. காப்புக்கள் எட்டு மாதத்தில் மீண்டன. சென்ற மாரியின்பின் அப்பட்டையைக் கழற்றிப் பார்த்தோம். கிறீஸ் வழிந்துபோன ஓரத்தில், எங்கள் கடற்காற்றின் உப்பினால் பச்சைக் களிம்பு ஏறத் தொடங்கியிருந்தது. தேய்த்துத் துடைத்து மீண்டும் பூட்டினோம்.