கம்பஸ் மென்பொருள் கடைக்கு ஆகுமா?

கணனி வாங்கும்போது பெட்டிக்கும் திரைக்கும் விலை பேசுகிறோம். உள்ளே ஓடும் மென்பொருளுக்கும் ஒரு விலை உண்டென்று நினைப்பதில்லை. 2002இல் கண்டி வீதி திறந்த காலத்தில் பிரதி பண்ணிய இறுவட்டுகள் கைக்குக் கை மாறின. இப்போது வழி வேறு. மகனோ மருமகனோ பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். அவருக்குக் கிடைத்த மென்பொருளைக் கடைக் கணனியிலும் போட்டுவிடுகிறார்கள். “களவில்லையே நானா, கம்பஸ் தந்ததுதானே?” என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு.

தந்தது உண்மைதான். யாருக்கு, எதற்குத் தந்தார்கள் என்பதே கேள்வி. மென்பொருளில் நாம் வாங்குவது பொருளை அல்ல, பாவிக்கும் உரிமையை. வாடகைக்கு எடுத்த கடை அறையைச் சொந்தக்காரரைக் கேட்காமல் இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடலாமா?

பல்கலைக்கழகங்கள் சில மென்பொருள்களுக்கு ஆளணிக் கணக்கில் வருடாவருடம் பணம் கட்டுகின்றன. சிலவற்றுக்கு ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதே கணக்கு. நாற்பது பேருக்கு வாங்கினால் நாற்பத்தோராவது ஆளை சேர்வர் உள்ளே விடாது. ஒருவர் மூடினால்தான் அடுத்தவருக்கு இடம். ஆட்டோகாட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவருக்கு அதை இலவசமாகவே கொடுக்கிறது. ஒரு வருடத்துக்குப் பின் புதுப்பிக்க வேண்டும், கூலிக்கு வரைபடம் கீறக் கூடாது. முன்னைய மாணவர் பதிப்புகளில் அச்சிட்டால் தாளின் ஓரங்களில் அது மாணவர் பதிப்பு என்ற வரி தானாகவே விழும். அந்தத் தாளில் வீட்டுப் பிளானைக் கொண்டுபோய் வாடிக்கையாளரிடம் காசு கேட்பது எப்படி?

இதைவிட எனக்குக் கவலை தருவது, கடையின் கடனேட்டையே மகனின் கம்பஸ் கணக்கில் ஏற்றி வைப்பது. கொடுப்பவர் நிபந்தனையை மாற்றலாம். கல்வி நிறுவனங்களுக்கு எல்லையின்றிக் கொடுத்துவந்த சேமிப்பிடத்தை, 2022இல் கூகுள் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் என்று மட்டுப்படுத்தத் தொடங்கியது. மகன் பட்டம் பெற்று வெளியேறியபின் அந்தக் கணக்கை மூடிவிட்டால், யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை எங்கே பார்ப்பது?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விற்பவரோடு நிற்கவில்லை. உரிமை மீறிய மென்பொருள் என்று தெரிந்தும், அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தும், வியாபார இலாபத்துக்காக அதைப் பாவிப்பவரும் குற்றவாளியே. தண்டம் ஐந்து இலட்சம் ரூபா வரை, அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

காசில்லாதவர் என்ன செய்வது? கடிதத்துக்கும் கணக்குத் தாளுக்கும் லிப்ரே ஒபிஸ் போதும். வியாபாரத்துக்கும் அது இலவசமே. சுதந்திர மென்பொருளை மட்டமாக எண்ண வேண்டாம். 2004 சுனாமிக்குப் பின் நிவாரணப் பணிக்காக நம் நாட்டவர் எழுதிய ‘சஹானா’ பிறகு ஹெய்ட்டி வரை போனது. (நாற்பது நாள் சோதனைக் காலம் கழிந்தும் வின்ரார் திறக்கிறது என்பதால் அதை இந்த வகையில் சேர்க்காதீர்கள்!)

ஒரு சி.ஆர். கொப்பி எடுங்கள். எந்தக் கணனி, எந்த மென்பொருள், பில் இலக்கம், முடிவு திகதி, யாருடைய பெயரில் என்று எழுதுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன, அதையும் குறியுங்கள். கடைசிக் கட்டத்தில் மகனின் பெயர் வரும் வரிகளுக்கு முதலில் மாற்றுத் தேடுங்கள், அவர் கடைசி வருடத்தில் இருந்தால் இந்த மாதமே.