சுவருக்கு வெள்ளையடிக்கும் முறை

கூலி மிச்சமென்றெண்ணிச் சுண்ணாம்பை ஒரே தடவையில் கெட்டியாக அப்புவோர் பலர். அது விரைவில் பொருக்காக உதிர்ந்து, செலவு முழுதும் வீணாகும். மெல்லிய மூன்று பூச்சுகளே நிலைக்கும். யாதெனின், நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றே இறுகுகின்றது. கனத்த பூச்சினுள் அவ்வாயு எளிதிற் புகாது.

1. கிளிஞ்சற் சுண்ணாம்பை நீற்றி, ஒரு நாளேனும் ஊறவிட்டு, துணியில் வடிகட்டிப் பால்போற் கரைக்க வேண்டும்.

2. பழைய பொருக்கைச் சுரண்டிச் சுவரை நனைக்க வேண்டும்.

3. முதற் பூச்சு மேலுங்கீழுமாக. அது உலர்ந்தபின் மறுநாள் இரண்டாவது குறுக்காக. அடுத்த நாள் மூன்றாவது முதலாவதைப்போல.

ஈரத்தில் வெண்மை தோன்றாது. உலர்ந்த பின்னரே தோன்றும். ஆகவே அவசரப்பட்டுக் கரைசலைக் கெட்டியாக்கலாகாது.

நீறும் சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும். குழந்தைகளை அருகில் விடலாகாது. கண்ணிற் பட்டால் உடனே தண்ணீரால் நெடுநேரம் கழுவி, வைத்தியசாலைக்குச் செல்க.

அங்கத்தினர்கள் சங்க மூலம் சுண்ணாம்பை ஒருங்கே வாங்கினால் வண்டிச் சத்தமும் குறையும்.