சிற்றுருவும் பேருருவும்

தாமலிலும் காஞ்சியிலும் பட்டு நெய்வோர் சேலையின் பூவேலையை முதலில் கட்டத்தாளில் வரைந்து பார்த்த பின்னரே தறியில் ஏற்றுவர். வெட்டவெளியில் பெரிய திருவுருவம் எழுப்புவோர்க்கும் இம்முறையே ஏற்றது. தவறிய இழையைப் பிரித்து நெய்யலாம். வெட்டிய கல்லை ஒட்ட இயலாது. அதற்கெனச் செலவிடப்படும் பொருளோ பலரது தானம்.

குஜராத்தில் 2018 அக்டோபர் 31 அன்று திறக்கப்பட்ட 182 மீட்டர் உயர சர்தார் படேல் சிலைக்குச் சிற்பி ராம் சுதார் 3 அடி, 18 அடி, 30 அடி என மாதிரிகள் செய்தார். பெரிய மாதிரி ஏற்கப்பட்ட பின்னர் அதன் அளவுகள் கணினியில் பதிக்கப்பட்டு வெண்கலத் தகடுகள் வார்க்கப்பட்டன.

இனிக் கணக்கைக் காண்போம். 30 அடிச் சிலைக்கு 3 அடி மாதிரி செய்கிறோம் எனக் கொள்வோம். உயரம் 10 மடங்கு கூடும். பரப்பு 100 மடங்கு கூடும். எடையோ 1000 மடங்கு கூடும். மாதிரி 20 கிலோ எனில், அதே கல்லாலான சிலை 20 டன். ஆனால் அதைத் தாங்கும் கணுக்காலின் குறுக்குப் பரப்பு 100 மடங்கே கூடுகிறது. ஆகவே ஒவ்வொரு சதுர அங்குலமும் 10 மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். மாதிரி உறுதியாக நிற்பதால் சிலையும் நிற்கும் எனக் கருதலாகாது. மாதிரி வடிவைக் காட்டும். வலிமையைத் தனியே கணக்கிட வேண்டும்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். கங்க அமைச்சர் சாமுண்டராயர் பத்தாம் நூற்றாண்டில் சிரவணபெளகொளத்தில் அமைத்த, ஏறத்தாழ 57 அடி உயரப் பாகுபலியின் கால்களை நோக்குங்கள். இருபுறமும் புற்றுகள் எழுந்துள்ளன. அவை சுவாமியின் அசையாத் தவத்தை உணர்த்துகின்றன. கால்களுக்கு அரணாகவும் நிற்கின்றன. நம் திருமலையின் 16 அடி நேமிநாதரோ பாறையோடு ஒன்றியே விளங்குகிறார்.

மாதிரியை மேலிருந்து நோக்குவதும் பிழை. 5 அடி உயரத்தில் உள்ள நம் கண், பத்தில் ஒரு பங்கு அளவில் அரை அடி உயரத்திற்கு வரவேண்டும். மாதிரியை மேசை மேல் நிறுத்தி, மேசைப் பரப்பிலிருந்து அரை அடி உயரத்தில் கண்ணை வைத்து, 3 அடி தொலைவிலிருந்து நோக்குக. அப்பொழுதே 30 அடி அப்பால் நிற்கும் அடியார் காணும் திருமுகம் நமக்குப் புலனாகும்.

பயிற்சி: இல்லத்துச் சிறுவரைக் களிமண்ணால் ஒரு சாண் உருவம் செய்யச் சொல்லுங்கள். அதனை 12 மடங்காக்கினால் எடை எத்தனை மடங்காகும் என வினவுங்கள். விடை: 1728. அளவறிந்து செய்வதும் அபரிக்கிரகத்தின் ஒரு கூறே என்பதையும் உடன் உணர்த்துங்கள்.